பீரங்கியாளர்களின் கேள்வியும் இயக்கவியலின் பிறப்பும்

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய பீரங்கி, 1500 வாக்கில் ஒரு தனித் தொழிலையே உருவாக்கியிருந்தது. பீரங்கியாளர் போர்க்களத்தில் நின்றாலும் கைவினைஞராகவே கருதப்பட்டார். புனித பார்பராவைக் காவல் தெய்வமாகக் கொண்ட சங்கங்கள் அவர்களுக்கு இருந்தன. வெனிஸ் குடியரசு தன் பீரங்கியாளர்களுக்குப் பயிற்சிப் பள்ளிகளே நடத்தியது. எவ்வளவு வெடிமருந்து இடுவது, குழாய்க்குப் பொருந்தும் குண்டு எது, குழாயை எவ்வளவு உயர்த்துவது என்ற மூன்றும்தான் தொழிலின் சாரம். இவற்றை மூத்தவர் கைப்பக்குவமாக இளையவருக்குச் சொல்லித் தந்தார். ஒரு கேள்விக்கு மட்டும் கைப்பக்குவத்தால் விடை சொல்ல முடியவில்லை. குழாயை எந்தச் சாய்வில் வைத்தால் குண்டு மிகத் தொலைவுக்குப் போகும்? அதன் அடியில் இன்னும் ஆழமான கேள்வி ஒன்றும் இருந்தது. குழாயை விட்டு வெளியேறிய குண்டை அதன்பின் தள்ளுவது எது?

அன்றைய பல்கலைக்கழகங்களில் இதற்கு அரிஸ்டாட்டிலின் விடையே பாடமாக இருந்தது. கல் கீழே விழுவது இயல்பான இயக்கம். அதை எறிவது வலிந்து தரப்பட்ட இயக்கம். வலிந்த இயக்கம் நீடிக்க வேண்டுமானால் ஏதாவது ஒன்று தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். எறியப்பட்ட பொருளைச் சூழ்ந்த காற்றே அப்படித் தள்ளுகிறது என்றார் அவர். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனஸ் இதை மறுத்தார். 14ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் புரிதான், எறிபவர் பொருளுக்குள் ஒரு உந்துதலைப் பதிக்கிறார், அதுவே பொருளைக் கொண்டுசெல்கிறது என்றார். இன்றைய உந்தம் என்ற கருத்துக்கு இது வெகு அருகில் வந்தாலும், இயக்கத்துக்கு உள்ளிருந்து ஒரு காரணம் தேவை என்ற எண்ணத்தை அது விடவில்லை. பந்தை வீசியபின் அதற்குள் ‘வீசிய விசை’ இருப்பதாக இன்றும் பல மாணவர்கள் எழுதுகிறார்கள். பெரிய அறிஞர்களையே பல நூற்றாண்டுகள் பிடித்து வைத்திருந்த எண்ணம் அது என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நல்லது.

பீரங்கியாளரின் கேள்வியைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் நிக்கோலோ தார்த்தாலியா. 1512இல் பிரெஞ்சுப் படை பிரேஷா நகரைச் சூறையாடியபோது சிறுவனாக இருந்த அவருடைய முகத்தில் வாள்வெட்டு விழுந்தது. அதனால் பேச்சு திக்கியது. திக்குவாயர் என்ற பட்டப்பெயரே அவர் பெயராக நிலைத்தது. 1531இல் வெரோனாவில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவரிடம், நண்பரான பீரங்கியாளர் ஒருவர் அந்தச் சாய்வைப் பற்றிக் கேட்டார். 45 பாகை என்றார் தார்த்தாலியா. அதைவிடத் தாழ்வான சாய்வே சிறந்தது என்ற பீரங்கியாளர்களுடன் பந்தயம் கட்டிச் சுட்டுப் பார்த்ததில் அவர் சொன்னதே வென்றது. சாய்வை அளக்க அவர் அமைத்த கருவி, தூக்குநூல் தொங்கும் ஒரு மூலைமட்டம். செங்கோணத்தை 12 புள்ளிகளாகப் பிரித்த அதில் 6ஆவது புள்ளிதான் 45 பாகை.

1537இல் வெளிவந்த ‘புதிய அறிவியல்’ என்ற அவருடைய நூலில் குண்டின் பாதை மூன்று துண்டுகளாக வரையப்பட்டது: முதலில் நேர்கோடு, பிறகு வட்ட வில், கடைசியில் செங்குத்தான வீழ்ச்சி. வலிந்த இயக்கமும் இயல்பான இயக்கமும் ஒரே நேரத்தில் ஒரு பொருளில் இருக்க முடியாது என்ற பழைய கொள்கையின் படம் அது. விடை சரி, காரணம் தவறு. 1546இல் வந்த அடுத்த நூலில், பாதையின் எந்தப் பகுதியும் முழு நேர்கோடு அல்ல, குண்டின் எடை அதை எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று அவரே எழுதினார். மனிதரைக் கொல்லும் கலையைச் செம்மைப்படுத்துவது பாவம் என்று எண்ணித் தன் குறிப்புகளை ஒருமுறை எரித்துவிட்டதாகவும், துருக்கியப் படையெடுப்பின் அச்சம் இத்தாலியைச் சூழ்ந்தபோதுதான் மனம் மாறியதாகவும் முதல் நூலின் முன்னுரையில் அவர் சொல்கிறார். இந்தத் துறையின் வரலாற்றில் அந்தத் தயக்கத்துக்கும் இடம் தர வேண்டும்.

1592இல் பாதுவா பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார் கலிலியோ. பாதுவா அப்போது வெனிஸின் ஆட்சியில் இருந்தது. வெனிஸின் ஆயுதக் கிடங்கும் கப்பல் துறையுமான அர்செனாலுக்கு அவர் போய்வந்தார். படை அதிகாரிகளாக விரும்பிய மாணவர்களுக்குக் கோட்டைக் கட்டுமானம் கற்பித்தார். பீரங்கியின் சாய்வை அளக்கவும் குண்டின் எடையைக் கணக்கிடவும் உதவும் கவராயம் ஒன்றைச் செய்து விற்றார். அக்காலத்தில் அவருடைய புரவலரான குயிதோபால்தோ தெல் மொந்தே செய்த ஒரு சோதனை எளிமையானது, அழகானது. மையில் நனைத்த பந்தைச் சாய்ந்த பலகையின் மேல் குறுக்காக எறிந்தால் அது ஏறி இறங்கிய தடம் பலகையில் பதியும். அந்தத் தடத்தில் நேர்கோட்டுத் துண்டு எதுவும் இல்லை. ஏறிய பாதையும் இறங்கிய பாதையும் ஒன்றுபோலவே இருந்தன.

தடத்தின் வடிவம் தெரிந்தால் போதாது, அதற்குக் காரணம் வேண்டும். விழும் பொருளை அளக்க அன்றைய கடிகாரங்களால் இயலவில்லை. எனவே கலிலியோ வீழ்ச்சியையே மெதுவாக்கினார். ஏறத்தாழ 12 முழ நீள மரச்சட்டத்தில் நேரான பள்ளம் வெட்டி, அதில் வழவழப்பான தோல்தாளை ஒட்டி, சட்டத்தை லேசாகச் சாய்த்து வெண்கல உருண்டையை உருட்டினார். பெரிய பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியாக வழிந்த நீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். அடுத்தடுத்த சம நேர இடைவெளிகளில் உருண்டை கடந்த தொலைவுகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் வந்தன. மொத்தத் தொலைவோ 1, 4, 9, 16 என்று நேரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றியது. சட்டத்தின் சாய்வை மாற்றினாலும் விகிதம் மாறவில்லை. சீரான முடுக்கம் என்று இன்று பள்ளியில் படிப்பது இதுதான். 1604இல் தன் நண்பர் பாவ்லோ சார்பிக்கு எழுதிய கடிதத்தில் இந்த விதி இடம்பெற்றிருக்கிறது.

அடுத்த அடிதான் பெரிது. வழவழப்பான கிடைத்தளத்தில் உருளும் உருண்டையைத் தடுக்க எதுவும் இல்லையென்றால் அது அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்; அதைத் தள்ள எதுவும் வேண்டியதில்லை. குண்டின் இயக்கத்தில் இந்த மாறாத கிடைவேகமும், முடுக்கத்துடன் கூடிய வீழ்ச்சியும் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரே நேரத்தில் நடக்கின்றன. 20 மீட்டர் உயரக் கோட்டைச் சுவரிலிருந்து ஒரு குண்டைக் கையிலிருந்து நழுவவிட்டால் சுமார் 2 நொடியில் தரையைத் தொடும். அதே உயரத்திலிருந்து கிடையாக நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் சுட்ட குண்டும், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அதே 2 நொடியில்தான் விழும். ஆனால் 400 மீட்டர் தள்ளி விழும். இரண்டு இயக்கங்களும் சேர்ந்து வரையும் வளைகோடு பரவளையம்.

இவையெல்லாம் அச்சேறியது 1638இல். திருச்சபையின் விசாரணைக்குப் பின் வீட்டுக்காவலில் இருந்த கலிலியோவின் ‘இரு புதிய அறிவியல்கள்’ ஹாலந்தின் லெய்டனில் அச்சானது. அதற்குள் அவர் பார்வையை இழந்திருந்தார். நூல் அர்செனால் கைவினைஞர்களைப் புகழ்ந்தே தொடங்குகிறது. 45 பாகையில்தான் குண்டு மிகத் தொலைவுக்குப் போகும் என்பதைப் பீரங்கியாளர்கள் சொல்லித் தெரிந்திருந்ததாக அதில் ஒரு பாத்திரம் கூறுகிறது. காரணம் தெரிந்தபோது, அவர்கள் கவனித்திராத ஒன்றும் கூடவே கிடைத்தது. 45 பாகைக்கு மேலும் கீழும் சம அளவு விலகிய இரண்டு கோணங்களில், உதாரணமாக 30, 60 பாகைகளில், குண்டு ஒரே தொலைவில் விழும். செய்து பார்க்காமலேயே இதைக் கணிதம் சொல்லிவிடுகிறது என்பதில் கலிலியோ கொண்ட மகிழ்ச்சி அந்தப் பக்கங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது.

அவர் தந்த அட்டவணைகளை 1644இல் அவருடைய மாணவர் தொரிச்செல்லி விரிவாக்கினார். 1647இல் ஜெனோவாவிலிருந்து ரெனியேரி என்பவர் கடிதம் எழுதினார்: சுட்டுப் பார்த்தோம், குண்டு அட்டவணைப்படி விழவில்லை. தன் நூல் மெய்யியலாளருக்காக எழுதப்பட்டது, பீரங்கியாளருக்காக அல்ல என்பதே தொரிச்செல்லியின் பதிலின் சாரம். பதிலில் நேர்மை உண்டு; ஆனால் குறை அங்கேயே நின்றுவிட்டது. வினாத்தாள்களில் இன்றும் வரும் ‘காற்றின் தடையைப் புறக்கணிக்க’ என்ற தொடருக்குள் இருப்பது இந்தக் குறைதான்.

பீரங்கியாளர்களுக்கு அதனால் பெரிய நட்டமும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் அருகிலிருந்த இலக்கை, குழாயைக் கிட்டத்தட்டக் கிடையாக வைத்தே சுட்டார்கள். வெடிமருந்தின் தரம் பீப்பாய்க்குப் பீப்பாய் மாறியது. குண்டுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி இருந்ததால் ஒவ்வொரு முறையும் குண்டு வேறு வேகத்தில், வேறு திசையில் கிளம்பியது. இத்தனை மாறுதலுக்கு நடுவே துல்லியமான அட்டவணையால் என்ன பயன்? தொழிலின் கேள்வி அறிவியலைப் பெற்றெடுத்தது. அந்த அறிவியல் தொழிலுக்குத் திரும்பி வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இடையில் 1687இல் நியூட்டனின் ‘பிரின்கிப்பியா’ வெளிவந்தது. முதல் விதிக்கு அவர் தரும் முதல் எடுத்துக்காட்டே எறிபொருள்தான்: காற்று தடுக்காமலும் ஈர்ப்பு கீழே இழுக்காமலும் இருந்தால் அது தன் இயக்கத்தைத் தொடரும். விசை தேவைப்படுவது இயக்கத்துக்கு அல்ல, இயக்கத்தின் மாற்றத்துக்கு என்று இரண்டாம் விதி வரையறுத்தது. மூன்றாம் விதியைப் பீரங்கியாளர்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள். குண்டு முன்னே பாயும்போது பீரங்கி பின்னே உதைக்கும். 2½ டன் எடையுள்ள பீரங்கி 24 பவுண்டுக் குண்டைவிடச் சுமார் 230 மடங்கு கனமானது. எனவே குண்டு நொடிக்கு 1,400 அடி வேகத்தில் போனால் பீரங்கி குறைந்தது 6 அடி வேகத்தில் பின்வாங்கும். வெடிவாயுவின் உந்தமும் சேர்வதால் உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மலையுச்சியிலிருந்து மேலும் மேலும் வேகமாகச் சுடப்படும் குண்டு கடைசியில் தரையைத் தொடாமல் பூமியைச் சுற்றிவரும் என்ற நியூட்டனின் கற்பனை, சந்திரனையும் எறிபொருளின் கணக்குக்குள் சேர்த்தது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும் என்றும் அவர் ஆராய்ந்தார். ஆனால் சுடப்பட்ட குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதை அதுவரை யாரும் அளந்திருக்கவில்லை.

அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். 1742இல் வந்த அவருடைய ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ அளவில் சிறிய நூல்தான். அதன் உயிர்நாடி ஒரு ஊசல். மரப்பலகை பதித்த, சுமார் 56 பவுண்டு எடையுள்ள இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு, அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார். 1/12 பவுண்டு எடையுள்ள ஈயக்குண்டு பலகைக்குள் புதைந்து, தன் உந்தம் முழுவதையும் ஊசலுக்குக் கொடுத்துவிடும். எளிமையாகச் சொன்னால், எடை ஏறத்தாழ 670 மடங்கு கூடுவதால் வேகம் அத்தனை மடங்கு குறைகிறது. நொடிக்கு 1,600 அடி என்ற எட்டாத வேகம் 2½ அடிக்கும் குறைவாகி, ஊசலில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. உந்தம் அழியாது என்ற ஒரே விதியைக் கொண்டு செய்த இவ்வளவு நேர்த்தியான அளவீடு அந்த நூற்றாண்டில் அரிது.

ஊசலைத் தொலைவில் நகர்த்தி வைத்துச் சுட்டபோது குண்டு வழியில் இழந்த வேகமும் தெரிந்தது. விடை எல்லோரையும் திடுக்கிட வைத்தது. நொடிக்கு 1,700 அடி வேகத்தில் கிளம்பும் துப்பாக்கிக் குண்டு, பரவளையக் கணக்குப்படி 45 பாகையில் 17 மைல் போக வேண்டும். உண்மையில் அரை மைலைக்கூடத் தாண்டுவதில்லை. 24 பவுண்டுப் பீரங்கிக் குண்டு 16 மைலுக்குப் பதில் 3 மைலுக்குள் விழுந்துவிடும். முழு மருந்தில் கிளம்பும் அந்தக் குண்டின் மேல் காற்று தரும் தடை, குண்டின் எடையைவிட 20 மடங்குக்கும் அதிகம். ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தடை திடீரென ஏறத்தாழ மூன்று மடங்காவதையும் அவர் கண்டார். சுழலும் குண்டு பக்கவாட்டில் வளைவதை, வளைத்த துப்பாக்கிக் குழாயால் சுட்டுக் காட்டினார். 1746இல் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. 1745லேயே லியோனார்டு ஆய்லர் அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிட நீண்ட உரையும் சேர்த்திருந்தார்.

ராபின்ஸின் கடைசி நாட்கள் தமிழகக் கடற்கரையில் கழிந்தன. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் இழந்து 1749இல் திரும்பப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750 ஜூலையில் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். அங்கேயே காய்ச்சலில் விழுந்து 1751 ஜூலை 29 அன்று இறந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை அந்தக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது.

அவருடைய ஊசலைச் சார்லஸ் ஹட்டன் 1770களில் ஊல்விச் படைக் கல்லூரியில் பெரிய குண்டுகளுக்கு ஏற்ப விரிவாக்கினார். அதிக மருந்திட்டுப் பெறும் வேகத்தைக் காற்று உடனே தின்றுவிடுவதால், குறைந்த மருந்தில் பெரிய குண்டைச் சுடும் இலகுவான பீரங்கியே கப்பலுக்கு ஏற்றது என்று ராபின்ஸ் 1747இல் சொன்ன யோசனை, 1770களின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கேரன் ஆலை வார்த்த கேரனேடு பீரங்கிகளில் நடைமுறைக்கு வந்தது. பீரங்கியாளரின் கேள்விக்கு முழு விடை அப்போதுதான் தொழிற்களத்துக்குத் திரும்பியது. கலிலியோவையும் நியூட்டனையும் நம் பாடநூல்கள் தவறாமல் சொல்கின்றன. குண்டின் கணக்கில் காற்றையும் அளந்து சேர்த்து, கடலூரில் உயிர்விட்ட ராபின்ஸின் பெயரையும் உந்த அழிவின்மைப் பாடத்தில் சேர்க்க வேண்டும்.