கருக் காந்தப் பரிவும் இந்தியப் பௌதிகரும்

விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் முதலிற் கண்டவர் யார் என்னும் வினாவோடு தொடங்கி, அதற்கு விடை கிடைத்ததும் அமைதியுறுவர். கண்டதைத் தொடர்ந்து வளர்த்தவர் யார், வளர்ப்பதற்கு வேண்டிய கருவிகளை ஆக்கியவர் யார் என்னும் வினாக்கள் அதனினும் முக்கியமானவை. கருக் காந்தப் பரிவு என்னும் துறையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். வைத்தியசாலைகளில் உடலின் உட்பகுதியைப் படம்பிடிக்கும் காந்தப் பரிவுக் கருவிக்கும், இரசாயன ஆய்வுகூடங்களில் மூலக்கூற்றின் அமைப்பை அறிய உதவும் திருசியமானிக்கும் அடிப்படையாய் அமைவது இத்துறையே. அது பிறந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்த 1951இல் இந்தியர் இருவர் அதற்கு அடிப்படையான பங்களிப்புகளைச் செய்தனர்.

இத்துறையின் வேர் ஜேர்மனியில் உள்ளது. 1922இல் பிராங்போட் நகரில் ஒட்டோ ஸ்டேர்னும் வால்தர் கேர்லாக்கும் வெள்ளி அணுக் கற்றையைக் காந்தப்புலத்தினூடே செலுத்தி, அது இரண்டாகப் பிரிவதைக் கண்டனர். 1933இல் ஹம்பேர்க்கில் ஸ்டேர்ன் குழுவினர் புரோத்தனின் காந்தத் திருப்பத்தை அளந்தபோது, கொள்கைவழி எதிர்பார்த்த அளவிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கிடைத்தது. அதே ஆண்டில் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றவே, யூதரான ஸ்டேர்ன் பதவி துறந்து அமெரிக்கா சென்றார். லைப்சிக்கில் ஹைசன்பேர்க்கிடம் கலாநிதிப் பட்டம் பெற்ற பீலிக்ஸ் புளொக்கும் அவ்வாண்டில் ஜேர்மனியை நீங்கி, 1934இல் ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தை அடைந்தார். 1946இல் ஸ்டான்போட்டில் புளொக் குழுவினரும், ஹாவார்ட்டில் எட்வேர்ட் பேர்செல் குழுவினரும் திண்மத்திலும் திரவத்திலும் கருக் காந்தப் பரிவைத் தனித்தனியே கண்டறிந்தனர். இதற்கென 1952ஆம் ஆண்டின் நோபெல் பரிசு புளொக், பேர்செல் ஆகிய இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட புரோத்தன் சிறு பம்பரம்போல் அப்புலத்தைச் சுற்றித் தலையசைக்கும். அவ்வசைவின் மீடிறனுக்கு ஒத்த வானொலி அலையைச் செலுத்தினால் அது சத்தியை உறிஞ்சும், அதுவே பரிவாகும். புலத்தின் வலிமை தெரிந்தால், இம்மீடிறனிலிருந்து கருவின் காந்தத் திருப்பத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். தொடக்ககால ஆய்வாளர் நாடியதும் அதனையே.

கர்நாடகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். தர்மட்டி புளொக்கின் ஸ்டான்போட் ஆய்வுகூடத்தில் ஈடுபட்டதும் இத்தகைய அளவீடுகளிலேயே. ஆயின் 1950இல் அங்கு ஓர் இடையூறு தோன்றியிருந்தது. பிராக்டர், யூ ஆகிய இருவரும் அமோனியம் நைத்திரேற்றை ஆராய்ந்தபோது, நைதரசன் கரு ஒன்றே இரு வேறு மீடிறன்களில் பரிவுற்றது. கருவைச் சூழ்ந்துள்ள இலத்திரன்கள் வெளிக் காந்தப்புலத்தைச் சிறிதளவு மறைத்தலே இதற்குக் காரணமாகும். கருவை மட்டும் அளக்க விரும்பிய பௌதிகருக்கு இது தொல்லையாகவே பட்டது.

அத்தொல்லையையே கருவியாக்கியது 1951இல் ஆர்னல்ட், தர்மட்டி, பாக்கார்ட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு. மிகச் சீரான காந்தப்புலத்தில் எதைல் அற்ககோலை வைத்து நோக்கியபோது, முன்னர் ஒரே மேடாகத் தோன்றிய ஐதரசனின் குறிகை மூன்று முகடுகளாகப் பிரிந்தது. அவற்றின் பரப்புகள் 1:2:3 என்னும் விகிதத்தில் அமைந்தன. ஐதரொட்சில் கூட்டத்தில் ஓர் ஐதரசன், மெதிலீன் கூட்டத்தில் இரண்டு, மெதைல் கூட்டத்தில் மூன்று என இரசாயனர் நெடுங்காலம் தாளில் எழுதிவந்த சூத்திரம் அளவுகருவியின் வரைகோட்டில் அப்படியே தோன்றியது. பௌதிகரின் பரிசோதனை இரசாயனரின் அன்றாடக் கருவியாக மாறியமைக்கு இதுவே திருப்புமுனை எனலாம்.

அதே 1951இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிறுவனத்தில் ஜி. சூரியன், பாய்ந்துகொண்டிருக்கும் திரவத்தில் பரிவை ஆராய்ந்தார். வலிமையான வானொலி அலையை இடைவிடாது செலுத்தினால், கருக்கள் மேலும் சத்தியை ஏற்கமாட்டாது நிரம்பிவிடும், குறிகை மங்கும். திரவம் பாயும்போதோ நிரம்பிய கருக்கள் சுருளை விட்டகல, நிரம்பாத புதிய கருக்கள் அவற்றின் இடத்தைப் பெறும், குறிகை வலுக்கும். இதனைக் கண்டு இந்திய விஞ்ஞானக் கழகத்தின் நடவடிக்கை ஏட்டில் சூரியன் எழுதிய கட்டுரையே பாய்வைக் காந்தப் பரிவால் ஆராயும் முயற்சிகளுக்கு முன்னோடி எனப் பிற்காலத்தார் சுட்டுவர். இவ்வாய்ப்பை உயிருள்ள உடலின் குருதியோட்டத்துக்குப் பயன்படுத்தி, எலியின் வாலில் அளவீடு செய்த ஆய்வை 1959இல் அமெரிக்காவில் ஜெரோம் சிங்கர் வெளியிட்டார். புதிதாய்ப் பாய்ந்துவரும் குருதி ஒளிர்ந்து தோன்றுமாறு குருதிக் குழாய்களைப் படம்பிடிக்கும் இன்றைய முறை ஒன்றிலும் இத்தத்துவமே செயற்படுகின்றது.

தர்மட்டி தாயகம் திரும்பி, ஹோமி பாபா 1945இல் தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், பம்பாயில், கருக் காந்தப் பரிவுக் குழுவொன்றை உருவாக்கினார். அங்கு இத்துறையில் ஈடுபட்ட கிரிஜேஷ் கோவில், கேத்ரபால் முதலியோர் பின்னர் இந்தியாவில் அதனை வளர்த்தனர். கான்பூரில் பயின்ற அனில் குமார், 1975இல் சூரிச்சில் வெல்ற்றி, ஏர்ணஸ்ட் ஆகியோருடன் வெளியிட்ட படப்பதிவு முறை இன்றைய வைத்தியப் படங்களுக்கு அடித்தளமாய் அமைந்தது. பின்னர் அவரும் பெங்களூரிலேயே பணிபுரிந்தார். ஆகவே அறிவிலோ ஆளிலோ குறைவு இருந்ததெனக் கூறவியலாது.

குறை வேறோரிடத்தில் இருந்தது. போரால் சிதைந்த ஜேர்மனியில் இத்துறையை வளர்த்தவருள் ஒருவர், கார்ல்ஸ்றூ பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் குந்தர் லௌக்கின் ஆவார். 1924இல் பிறந்த இவர், ஆய்வோடு அமையாது, ஆய்வுக்குரிய திருசியமானிகளைச் செய்து விற்கும் புறூக்கர் நிறுவனத்தை 1960இல் நிறுவினார். பல்கலைக்கழகத்தில் விளைந்த அறிவு பக்கத்திலேயே தொழிலாகவும் உருப்பெற்றது. அத்தொழில் மீண்டும் பல்கலைக்கழகத்துக்குப் புதிய கருவிகளை அளித்தது. 1983இல் தர்மட்டியின் குழு வளர்ந்த அதே டாட்டா நிறுவனத்தில் உயர்புலத் தேசிய ஆய்வு நிலையம் அமைக்கப்பட்டபோது, அங்கு நிறுவப்பட்ட 500 மெகாஹேட்ஸ் திருசியமானி புறூக்கர் நிறுவனத்தின் ஆக்கமே.

எதைல் அற்ககோலின் மூன்று முகடுகளை முதலில் நோக்கியவருள் ஓர் இந்தியர் இருந்தார். பாயும் நீரின் குறிகையை முதலில் ஆராய்ந்தவரும் ஓர் இந்தியரே. அவ்விரண்டின் பயனையும் பெறுதற்கு அவர்தம் நாடு பிறநாட்டுக் கருவியை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இலங்கை உட்படத் தென்னாசிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சிந்திக்கற்பாலதொன்று இது. ஆய்வுக் கட்டுரை ஏட்டில் அச்சேறுவதோடு பணி நிறைவுறுவதில்லை. அதனைத் தொடரும் மாணவர் மரபும், கருவி ஆக்கும் பட்டறையும், அதன் பயனை நாடிவரும் வைத்தியசாலையும் ஆலையும் அருகிருந்தாலன்றி, முதன்மை என்பது வரலாற்று ஏட்டின் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சும்.