பார்வைக் கோணத்தின் வரலாறு: 1983இன் இன்டெலிவிஷன் பேஸ்போல்

ஓர் ஆக்கத்தின் வரலாற்றுப் பெறுமதியை அது விற்பனையான தொகைகொண்டு அளத்தல் பொருந்துமா? வீட்டுத் தொலைக்காட்சி விளையாட்டுக்களின் வரலாற்றை ஆராய்வோர் எதிர்நோக்கும் வினா இது. ஐக்கிய அமெரிக்காவின் மட்டெல் நிறுவனம் 1983ஆம் ஆண்டில் தனது இன்டெலிவிஷன் கருவிக்கென வெளியிட்ட 'வேர்ல்ட் சீரிஸ் மேஜர் லீக் பேஸ்போல்' இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற சான்றாகும்.

பேஸ்போல் அமெரிக்க மக்களின் தேசிய விளையாட்டெனப் போற்றப்படுவது. ஆதலின், வீட்டுக் கருவிகள் தோன்றிய காலந்தொட்டே அதனைத் திரைக்குக் கொணரும் முயற்சியும் தொடங்கிற்று. எனினும், ஒன்பதின்மர் காக்கும் களத்தை அக்காலக் கருவிகளுள் அடக்குதல் எளிதன்று. 1977இல் வெளிவந்த அட்டாரி கருவியின் தற்காலிக நினைவகம் 128 பைற்றுகள் மாத்திரமே. அதற்கென பொப் வைட்ஹெட் 1978இல் ஆக்கிய 'ஹோம் ரன்' விளையாட்டில் களத்தடுப்பாளர் ஒரு சிலரே இடம்பெற்றனர். 1980இல் டேவிட் ரொல்ப் இன்டெலிவிஷனுக்காக ஆக்கிய பேஸ்போல் ஒன்பதின்மரையும் களத்தில் நிறுத்திப் பெருவெற்றி ஈட்டியது. ஆயினும், அதனை ஆட இருவர் வேண்டும். கணனியை எதிராளியாகக் கொள்ள இயலாது. அன்றியும், மைதானம் முழுவதும் மாறாத ஒரே கோணத்திலேயே காட்டப்பட்டது. ஆடுபவர் சதுரங்கப் பலகையைக் குனிந்து நோக்குபவர் போன்றே அமர்ந்திருந்தார்.

இந்நிலையை மாற்ற முயன்றவர் டொன் டக்ளோ ஆவார். அவர் 1971இல், கலிபோர்னியாவிலுள்ள பொமோனா கல்லூரியில் மாணவராயிருந்தபோதே, அங்கிருந்த பீ.டி.பீ.-10 கணனியில் பேஸ்போல் ஆட்டமொன்றை எழுதியவர். அதில் உருவங்கள் இல்லை. எழுத்துக்களும் எண்களுமே ஆட்டத்தின் போக்கை உணர்த்தின. பின்னர் மட்டெலில் பணிபுரிந்த காலத்தில், தொலைக்காட்சி ஒளிபரப்பிற் போன்று பல்வேறு கோணங்களிலிருந்து ஆட்டத்தைக் காட்டவேண்டும் என்னும் எண்ணத்தைச் செயற்படுத்தினார். அவருக்குத் துணைநின்ற எடி டொம்ப்ரோவர், நடன அசைவுகளைக் கணனித் திரையில் உருவங்களாகக் காட்டும் நிகழ்ச்சித்திட்டமொன்றை முன்னரே ஆக்கியிருந்தவர். எண்களால் ஆட்டத்தை ஆராய்ந்தவரும் மனித உடலின் அசைவை ஆராய்ந்தவரும் இணைந்தமையே இவ்விளையாட்டின் சிறப்புக்கு அடிப்படை எனலாம்.

பந்து எறியப்படும்போது ஒரு காட்சி. அது அடிக்கப்பட்டதும் மற்றொரு காட்சி. வீரர்தம் ஆற்றல் புள்ளிவிபரங்களின் அடிப்படையில் அமைந்தது. தனியொருவர் கணனியை எதிர்த்து ஆடவும் முடிந்தது. இங்கு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. களத்தில் நிற்கும் வீரன் காணும் காட்சி அன்று இது. வீட்டிலிருந்து ஒளிபரப்பைப் பார்ப்பவன் காணும் காட்சியே. தொலைக்காட்சிக்குப் பழகிய தலைமுறைக்கு ஒளிபரப்பின் தோற்றமே மெய்த்தோற்றமாயிற்று என்பதை இவ்விளையாட்டு உணர்த்துகின்றது.

ஆனால், காலம் கைகொடுக்கவில்லை. இதனை ஆட இன்டெலிவிஷன் கருவியோடு மேலதிகக் கணனி இணைப்பொன்றும் வேண்டியிருந்தது. 1983இல் அமெரிக்க விளையாட்டுக் கருவிச் சந்தையும் சரிந்தது. 1984இன் தொடக்கத்தில் மட்டெல் தனது மின்னணுப் பிரிவை மூடிற்று. விளையாட்டு மிகச் சிலர் கைகளையே சென்றடைந்தது.

எனினும், அதனை ஆக்கியோரின் அறிவு அதனோடு அழிந்துவிடவில்லை. அவ்விருவரும் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின்வழி 1987இல் 'ஏர்ல் வீவர் பேஸ்போல்' விளையாட்டை வெளியிட்டனர். புகழ்பெற்ற அணி முகாமையாளரான வீவரின் ஆட்ட நுணுக்கமும் அதில் இடம்பெற்றது. பிற்காலத்தில் ஒளிபரப்பைத் தழுவிய காட்சிமுறை விளையாட்டுப்போட்டி சார்ந்த கணனி ஆட்டங்களில் வழக்காயிற்று. அவ்வழக்கு முழுவதும் இவ்வொரு விளையாட்டிலிருந்தே பிறந்தது எனக் கூறுதல் மிகையாகும். தொலைக்காட்சியைப் பார்த்த ஏனையோரும் அவ்வழியை எய்தியிருத்தல் கூடும்.

ரொல்பின் ஆக்கம் மக்களைச் சென்றடைந்தது. டக்ளோ, டொம்ப்ரோவர் ஆகியோரின் ஆக்கம் புதுவழி கண்டது. விற்பனைக் கணக்கு முன்னதன் வெற்றியைக் காட்டும். பின்னதன் முதன்மையைக் காட்டாது. இரண்டையும் தனித்தனியே அளந்தறிதலே வரலாற்று மாணவரின் கடனாகும்.