வெனிஸின் கறுப்புப் படகு

வெனிஸ் நகரைக் காணவரும் தம்பதியர் விரும்பி ஏறும் கோண்டோலா என்னும் ஒடுங்கிய தட்டையடிப் படகு, முற்காலத்தில் கால்வாய்களே வீதிகளாக அமைந்த அந்நகரின் பிரபுக்கள் அன்றாடம் போய்வரும் ஊர்தியாக இருந்தது. பட்டாலும் பொன்முலாமாலும் அதை அலங்கரிப்பதில் அவர்கள் ஒருவரையொருவர் விஞ்ச முற்பட்டதால், வெனிஸ் குடியரசின் ஆட்சியாளர்கள் 16ஆம் நூற்றாண்டில் ஆடம்பரத் தடைச்சட்டங்களால் அதைக் கட்டுப்படுத்தினர். படகுகள் கறுப்பாக இருப்பதற்கு, கருநிறம் துக்கக் குறி என்னும் கதையைவிட இச்சட்டங்களே காரணம் என்பது ஏற்புடையது. ஏறத்தாழ 11 மீட்டர் நீளமுள்ள இப்படகின் பின்புறம் நிற்கும் ஒருவரே, ஃபோர்கோலா எனப்படும் வளைந்த மரத் தாங்கியில் துடுப்பை ஊன்றி வலப்புறம் மட்டும் வலிப்பதால், படகு இடப்பக்கம் திரும்பிவிடாதிருக்க, அதன் இடப்பக்கம் சுமார் 24 சென்டிமீட்டர் கூடுதல் அகலத்துடன் கட்டப்படுகிறது. பிரபுக்களை மறைத்த ஃபெல்ஸே என்னும் மூடுகூண்டு, காட்சி காணவந்த பயணிகளுக்கு இடையூறானதால், 20ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது.