மைண்ட்ட்ரீ கையகப்படுத்தல்

பெங்களூரு மென்பொருள் நிறுவனமான மைண்ட்ட்ரீயை, நிறுவனர்களின் எதிர்ப்பை மீறி லார்சன் அண்ட் டூப்ரோ (எல் அண்ட் டி) 2019-இல் தன்வயப்படுத்திய நிகழ்வு. இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையின் முதல் பகைமைக் கையகப்படுத்தலாகப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

1999-இல் தொடங்கப்பட்ட மைண்ட்ட்ரீயில் கிருஷ்ணகுமார் நடராஜன், சுப்ரதோ பாக்சி உள்ளிட்ட நிறுவனர்களிடம் ஏறத்தாழ 13% பங்குகளே இருந்தன. பலவீனம் இங்கேதான். காபி டே நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தா தரப்பின் 20.32% பங்குகளை, பங்கு ஒன்றுக்கு ரூ.980 வீதம் வாங்க எல் அண்ட் டி 2019 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தது. மேலும் 31% பங்குகளுக்குப் பொது விலைக்கோரலும் அறிவித்தது. தங்கள் பணிப்பண்பாடு சிதையும் என நிறுவனர்கள் எதிர்த்தனர். பங்குகளைத் திரும்ப வாங்கும் யோசனையை இயக்குநர் குழு பரிசீலித்துக் கைவிட்டது. சுயேச்சை இயக்குநர்கள் குழு விலை நியாயமானதே என்றது; எதிர்ப்பு அத்துடன் வலுவிழந்தது. ஜூன் இறுதியில் எல் அண்ட் டியின் பங்கு 60 சதவீதத்தை எட்டியது. ஜூலையில் மூன்று நிறுவனர்கள் விலகினர்.

போட்டி விளைவு தாமதமாகவே தெரிந்தது. மூன்றாண்டுகள் தனித்தே இயங்கிய மைண்ட்ட்ரீ, 2022 நவம்பரில் எல் அண்ட் டி இன்ஃபோடெக்குடன் (எல்டிஐ) இணைந்து எல்டிஐமைண்ட்ட்ரீ ஆனது. 100 மைண்ட்ட்ரீ பங்குகளுக்கு 73 எல்டிஐ பங்குகள் வழங்கப்பட்டன. இரு நடுத்தர நிறுவனங்கள் ஒன்றானதால், பெரிய ஒப்பந்தங்களில் டெக் மகிந்திரா போன்றவற்றுடன் மோதும் அளவு கிடைத்தது.