இணையவழி மளிகை வணிகம் (இந்தியா, கொரோனாக் காலம்)

அரிசி, பருப்பு, காய்கறி, பால் போன்ற அன்றாடப் பொருள்களைச் செயலியிலோ இணையதளத்திலோ கேட்டு, வீட்டு வாசலில் பெற்றுக்கொள்ளும் வணிகமுறை. கொரோனாத் தொற்று இதைத் தோற்றுவிக்கவில்லை. தயங்கி நின்றவர்களை உள்ளே இழுத்துவிட்டது, அவ்வளவே.

1999இல் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கிய குழுவினர்தான், 2011இல் பெங்களூரில் பிக்பாஸ்கெட்டை நிறுவினர். 2013இல் குர்கானில் குரோஃபர்ஸ் வந்தது. ஆனால் இந்த வணிகத்தில் லாபம் குறைவு, காய்கறி அழுகும், வண்டிச் செலவு கையைக் கடிக்கும். பெப்பர்டேப் போன்ற சில நிறுவனங்கள் 2016க்குள் கடையைக் கட்டின.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. அத்தியாவசியப் பொருள்களை இணையவழி விநியோகிக்க மத்திய அரசின் ஆணை விலக்கு அளித்திருந்தது. ஆனால் சாலைத் தடுப்பில் நின்ற காவலருக்கு அந்த விவரம் எட்டவில்லை. பல நகரங்களில் விநியோக ஊழியர்கள் விரட்டப்பட்டார்கள், சரக்கு லாரிகள் மாநில எல்லைகளில் நின்றன, கிடங்குத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். வாடிக்கையாளர் கண்டதெல்லாம் 'இப்போது ஸ்லாட் இல்லை' என்ற வரியைத்தான். கேட்க ஆள் இருந்தது, கொண்டுவர ஆள் இல்லை. அந்த நாள்களின் உண்மையான நெருக்கடி இதுதான்.

சென்னையில் இன்னொரு அடி விழுந்தது. தொற்று பரவியதால் கோயம்பேடு சந்தை மே 5 அன்று மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் இறுதியில்தான் காய்கறிக் கடைகள் கோயம்பேட்டில் மீண்டும் திறந்தன. இதற்கிடையில் தெருமுனை அண்ணாச்சி கடைகள், வாசலில் கயிறு கட்டி, நோட்டுத் தாளில் எழுதிய சாமான் பட்டியலின் படத்தை வாட்ஸப்பில் வாங்கி, பையைக் கட்டி வைத்தன. பணம் கூகுள் பேயில் வந்தது. இணையவழி மளிகையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. 2021 மே மாத இறுதியில், தீவிர ஊரடங்கின்போது, தொலைபேசியிலும் இணையத்திலும் ஆர்டர் பெற்று வீட்டுக்கே மளிகை கொடுக்கக் கடைகளைத் தமிழக அரசு அனுமதித்தது.

பெருமுதலீடும் அக்காலத்தில்தான் குவிந்தது. ஜியோமார்ட் 2020 மே மாதம் சுமார் 200 நகரங்களுக்கு விரிந்தது; ஆகஸ்டில் ஸ்விகி இன்ஸ்டாமார்ட் தொடங்கியது; 2021 மே மாதம் டாட்டா குழுமம் பிக்பாஸ்கெட்டின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. அதே ஆண்டு வந்த ஜெப்டோ, பத்து நிமிட விநியோகம் என்ற போட்டியைக் கிளப்பிவிட்டது. குரோஃபர்ஸ் 2021 டிசம்பரில் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2022இல் ஜொமாட்டோ அதை வாங்கியது. குடியிருப்புகளுக்கு நடுவே, வாடிக்கையாளர் நுழையாத சிறு கிடங்குகளை அமைத்ததே இந்தப் பத்து நிமிட வேகத்தின் சூட்சுமம். அந்த வேகத்துக்காக இருசக்கர வண்டியில் விரைந்த ஊழியர்களின் பாதுகாப்பு பற்றிய கேள்வியும் உடனே எழுந்தது.

தெருக்கடைகள் அழிந்துவிடும் என்ற ஆரூடம் பலிக்கவில்லை. இந்தியாவின் மளிகை விற்பனையில் மிகப் பெரும்பகுதி இன்றும் அவற்றின் வழியாகவே நடக்கிறது.