நகரும் நிலமும் நகராப் பாதையும்: காலனிய வங்காளத்தில் கிழக்கு வங்க இருப்புப்பாதையின் வளர்ச்சி (1857–1947)

முன்னுரை

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சியால் விளைந்த நன்மைகளைத் தொகுத்துரைக்கும் பாடநூல்களில் இருப்புப்பாதை தவறாமல் இடம்பெறுவதைக் காண்கிறோம். அதே இருப்புப்பாதையை நாட்டின் செல்வத்தை வெளியேற்றிய வழியாகக் கண்டோரும் உளர். 1853ஆம் ஆண்டில் கார்ல் மார்க்ஸ் அதனை இந்தியாவின் நவீனத் தொழில்களுக்கு முன்னோடியாகக் கருதினார். நீர்ப்பாசனத்தைப் புறக்கணித்துவிட்டு இருப்புப்பாதைக்குப் பெரும்பொருள் செலவிடப்பட்டதை வங்காளத்தைச் சேர்ந்த ரமேஷ் சந்திர தத் கண்டித்தார். காந்தியடிகள் 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலில், பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் பெருக்கும் கருவி அது என வாதிட்டார்.

இவ்வாதங்கள் பெரும்பாலும் இந்தியா முழுவதையும் ஒரே களமாகக் கொண்டு எழுந்தவை. ஆயின், பாதை அமைந்த நிலத்தின் இயல்பு எல்லா இடத்தும் ஒன்றன்று. கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் கூடும் கிழக்கு வங்காளம் வண்டல் படிந்த வடிநிலம். அங்கு ஆறுகள் தடம் மாறும், கரைகள் இடியும், ஆண்டுதோறும் வெள்ளம் வயலில் பரவி வடியும். இத்தகைய நிலத்தில் நகராத பாதை ஒன்றை அமைத்தபோது நேர்ந்தது யாது? அதன் இழப்பைச் சுமந்தவர் யாவர்? இவ்விரு வினாக்களை முன்வைத்துக் கிழக்கு வங்க இருப்புப்பாதையின் வளர்ச்சியை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பெனியும் உத்தரவாத வட்டியும்

வங்காளத்தின் முதல் இருப்புப்பாதை ஹூக்ளி ஆற்றின் மேற்குப் புறத்தில் தோன்றியது. கிழக்கிந்திய இரயில்வேக் கம்பெனியின் வண்டி 1854 ஆகஸ்டில் ஹௌராவிலிருந்து ஹூக்ளி வரை ஓடியது. 1855இல் பாதை ராணிகஞ்ச் நிலக்கரி வயலை எட்டியது. கல்கத்தாவுக்குக் கிழக்கே உள்ள பகுதிகளுக்கென 1857இல் கிழக்கு வங்க இரயில்வேக் கம்பெனி அமைந்தது. பிற கம்பெனிகளைப் போலவே இதற்கும், முதலீட்டுக்கு ஆண்டொன்றுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசு உத்தரவாதம் செய்தது. பாதையின் வருமானம் அந்த அளவை எட்டாவிடில், குறைபட்ட தொகையை இந்திய வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். இழப்பு நேரினும் பங்குதாரருக்கு அச்சமில்லை. அச்சம் வரி செலுத்தும் குடிமக்களுக்கே உரியதாயிற்று.

1862 செப்டம்பரில் கல்கத்தாவிலிருந்து ராணாகாட் வரையிலும், அதே ஆண்டு நவம்பரில் குஷ்டியா வரையிலும் பாதை திறக்கப்பட்டது. கல்கத்தா முனையமே பின்னாளில் சியால்டா எனப் பெயர்பெற்ற நிலையமாகும். இப்பாதை ஊர்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக எழுந்ததன்று. கிழக்கு வங்காளத்தின் சரக்கு படகிலும் நீராவிக் கப்பலிலும் வந்து சேரும் கங்கைக் கரையைக் கல்கத்தாவோடு பிணைப்பதற்காக எழுந்தது. ஆற்று வாணிகத்தை அகற்ற வந்த பாதை என இதனைக் கொள்வதைவிட, ஆற்று வாணிகத்தைக் கல்கத்தாவின் பக்கம் திருப்ப வந்த பாதை எனக் கொள்வதே பொருந்தும்.

ஆறு ஏற்காத முனையங்கள்

நிலத்தின் இயல்பு விரைவில் வெளிப்பட்டது. கல்கத்தாவுக்குத் தெற்கே மாட்லா ஆற்றின் கரையில் ஒரு மாற்றுத் துறைமுகம் அமைக்க எண்ணி, சுமார் 28 மைல் நீளமுள்ள பாதையொன்றைக் கல்கத்தா தென்கிழக்கு இரயில்வேக் கம்பெனி 1863இல் கானிங் துறைமுகம் வரை கொண்டுசென்றது. ஹூக்ளி ஆறு தூர்ந்துபோகும் என்னும் அச்சமே இம்முயற்சிக்குக் காரணம். எதிர்பார்த்த கப்பல்கள் வரவில்லை. 1867ஆம் ஆண்டுப் புயல் துறைமுகத்தைச் சிதைத்தது. நட்டத்தில் ஆழ்ந்த அப்பாதையை 1868இல் அரசே ஏற்க நேர்ந்தது.

குஷ்டியாவும் நிலையான முனையமாக அமையவில்லை. பாதை மேலும் கிழக்கே நீட்டப்பட்டு, 1871 ஜனவரியில் கோவாலந்தோவை அடைந்தது. பத்மா எனப்படும் கங்கையும், ஜமுனா எனப்படும் பிரம்மபுத்திராவும் அங்குக் கூடுகின்றன. அஸ்ஸாமிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வரும் நீராவிக் கப்பல்கள் அனைத்தும் அங்கு வந்தாக வேண்டும் என்பதால், வாணிக நோக்கில் அதனினும் சிறந்த இடம் இல்லை. நிலத்தின் நோக்கில் அதனினும் நிலையற்ற இடமும் இல்லை. கரையைக் காக்கப் பெருஞ்செலவில் கட்டப்பட்ட அணையை 1875ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. அதன்பின் கோவாலந்தோவில் நிலையான முனையம் என்பதே இல்லாது போயிற்று. ஆறு நகரும்போதெல்லாம் தண்டவாளமும் கொட்டகைகளும் உடன் நகர்ந்தன. நகராப் பாதையின் முனை மட்டும் ஆற்றின் விருப்பப்படி நகர்ந்தது.

மூன்று அகலங்களில் வளர்ந்த பாதைகள்

1870களுக்குப் பின் புதிய பாதைகள் பலவும் வெவ்வேறு தேவைகளுக்காகத் தனித்தனியே எழுந்தன. பத்மாவின் வடகரையிலுள்ள சாராவிலிருந்து வடக்கு வங்க அரசு இரயில்வே மீட்டர் பாதையாக அமைந்து, 1878இல் இமயத்தின் அடிவாரமான சிலிகுரியை எட்டியது. அங்கிருந்து 2 அடி அகலமுள்ள மலைப்பாதை 1881இல் டார்ஜிலிங் சென்று சேர்ந்தது. கிழக்கே நாராயண்கஞ்ச், டாக்கா, மைமன்சிங் ஆகிய ஊர்களை இணைக்கும் மீட்டர் பாதை 1885–86இல் திறக்கப்பட்டது. ஜெசூர் வழியாகக் குல்னா செல்லும் அகலப்பாதை 1880களின் முற்பகுதியில் உருவாயிற்று. கிழக்கு வங்க இரயில்வேக் கம்பெனியை 1884இல் அரசு வாங்கியது. பிற அரசுப் பாதைகள் சில 1887இல் அதனோடு இணைந்தன.

நிருவாகம் ஒன்றானபோதும் பாதை ஒன்றாகவில்லை. 1881இல் கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங் சென்ற பயணி, பத்மாவின் தென்கரையிலுள்ள தாமுக்தியா வரை அகலப்பாதையில் சென்றார். நீராவிப் படகில் ஆற்றைக் கடந்தார். சாராவிலிருந்து மீட்டர் பாதையில் ஏறினார். சிலிகுரியில் மலைவண்டிக்கு மாறினார். சரக்கு மூட்டைகளும் இவ்வாறே இறக்கி ஏற்றப்பட்டன. டாக்காவின் நிலை இன்னும் குறிப்பிடத்தக்கது. காலனிய ஆட்சி முடியும் வரையிலும் கல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு ஆற்றைக் கடவாமல் நேரே செல்லும் இரயில் இருந்ததில்லை. கோவாலந்தோவில் கப்பலேறி நாராயண்கஞ்சில் இறங்கி மீண்டும் வண்டி ஏறுவதே வழக்கமான வழியாக இருந்தது. ஆறுகளே சாலைகளாக விளங்கிய பாரிசால் பகுதியை இருப்புப்பாதை எட்டவே இல்லை.

இவற்றிலிருந்து வேறுபட்டது, 1892இல் அமைந்த அஸ்ஸாம் வங்க இரயில்வே. தேயிலைத் தோட்ட முதலாளிகளின் தேவையால் எழுந்த இது, கல்கத்தாவை நோக்காமல் சிட்டகாங் துறைமுகத்தை நோக்கியது. இதன் முதற்பகுதிகள் 1895இல் திறக்கப்பட்டன. வடகச்சார் மலைகளைக் கடந்து மேல் அஸ்ஸாமை எட்டும் பணி 1904இல் நிறைவுற்றது. மறு ஆண்டே, வங்காளப் பிரிவினையின் வழி ‘கிழக்கு வங்காளமும் அஸ்ஸாமும்’ என்னும் புதிய மாநிலம் தோன்றியது. அப்பிரிவினை 1911இல் கைவிடப்பட்டது.

சரக்கும் மனிதரும்

இப்பாதைகள் ஏற்றிச் சென்ற முதன்மைச் சரக்குகள் சணலும் தேயிலையும் ஆகும். ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை தோன்றியபின் ஹூக்ளிக் கரை நெடுக ஆலைகள் பெருகின. அவற்றுக்கான மூலப்பொருள் கிழக்கின் வயல்களில் விளைந்தது. விளைச்சல் கிழக்கிலும் ஆலை மேற்கிலுமாக அமைந்த இப்பொருளியல் பிரிவை இருப்புப்பாதை மேலும் உறுதியாக்கியது.

தோட்டத் தொழிலாளரும் இவ்வழியே ஏற்றிச் செல்லப்பட்டனர். சோட்டா நாகபுரி முதலிய பகுதிகளில் திரட்டப்பட்டு அஸ்ஸாம் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்ட கூலிகள், கோவாலந்தோ வரை வண்டியிலும் அங்கிருந்து கப்பலிலும் சென்றனர். நெரிசல் மிகுந்த அப்பயணங்களில் காலரா பலரைக் கொன்றது. அவர்கள் திரும்ப முயன்றபோது நேர்ந்தது 1921ஆம் ஆண்டு நிகழ்ச்சி. சில்ஹெட் மாவட்டத்துச் சார்கோலாப் பள்ளத்தாக்கின் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர் ஊர் திரும்பப் புறப்பட்டனர். மே 20 இரவில் சாந்த்பூர் இரயில் நிலையத்தில் தங்கியிருந்த அவர்கள்மீது கூர்க்காப் படையினர் ஏவப்பட்டனர். இதனைக் கண்டித்து அஸ்ஸாம் வங்க இரயில்வேத் தொழிலாளரும் கப்பல் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தனர். ஜதீந்திர மோகன் சென்குப்தா அவர்களுக்குத் தலைமை தாங்கினார். தோட்டத்துக்கு ஆள் கொண்டுசெல்ல அமைந்த பாதை, அவர்கள் திரும்புவதற்கு அதே எளிமையோடு திறந்திருக்கவில்லை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

சாராப் பாலம்

பத்மாவின் மீது பாலம் வேண்டும் என்னும் கருத்து 1889இலேயே எழுந்தது. 1908இல் ஒப்புதல் கிடைத்தது. பொறியாளர் இராபர்ட் கேல்ஸ் பணியை ஏற்றார். 1915 மார்ச் 4ஆம் நாள் அரசப்பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு திறந்துவைத்த அப்பாலம் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. சுமார் 1.8 கிலோமீட்டர் நீளமும் 15 பெருந்தாங்கு இடைவெளிகளும் உடையது அது. தூண்களின் அடித்தளங்கள் மிக ஆழமாக இறக்கப்பட்டன; ஆறு பாலத்தை விட்டு விலகாதிருக்க, இருபுறமும் வழிப்படுத்தும் கரைகள் அமைக்கப்பட்டன. 1926இல் சிலிகுரி வரை அகலப்பாதை நீண்டபின், கல்கத்தாவில் ஏறிய பயணி வண்டி மாறாமலே இமயத்தின் அடிவாரத்தை அடைந்தார். 1937இல் பைரப் பஜாரில் மேக்னா மீதும் பாலம் எழுந்தது. ஜமுனாவைக் கடக்கும் பாலத்துக்கோ 1998 வரை காத்திருக்க நேர்ந்தது.

கரைமேடும் வெள்ளமும்

பாலங்களின் பெருமையைப் பேசும் நூல்கள், பாலங்களுக்கு இடைப்பட்ட கரைமேடுகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. வெள்ளத்துக்கு மேல் பாதையை நிறுத்த, மைல்கணக்கில் மண்ணை உயர்த்த வேண்டியிருந்தது. அம்மேடுகள் வயலில் பரவும் நீருக்குக் குறுக்கே நின்றன. போதிய மதகுகள் இல்லாத இடங்களில் ஒருபுறம் நீர் தேங்கியது; மறுபுறம் வண்டல் சேரவில்லை.

இதனை முதலில் வலியுறுத்தியவருள் திகம்பர் மித்ரா குறிப்பிடத்தக்கவர். 1864ஆம் ஆண்டுக் காய்ச்சல் விசாரணைக் குழுவில் அங்கம் வகித்த அவர், சாலை, இருப்புப்பாதைக் கரைமேடுகள் வடிகாலை அடைத்ததே மேற்கு வங்காளத்தில் பரவிய கொடுங்காய்ச்சலுக்குக் காரணம் என வாதிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின் வங்காளப் பொதுநலத்துறை இயக்குநர் சி. ஏ. பென்ட்லி, வெள்ளநீரின் இயல்பான பரவல் தடைப்பட்ட இடங்களில் வேளாண்மை நலிவதையும் மலேரியா பெருகுவதையும் இணைத்துக் காட்டினார். அவரது நூல் 1925இல் வெளிவந்தது.

1922ஆம் ஆண்டு வடக்கு வங்காள வெள்ளத்தின்போது இவ்விவாதம் பொதுமக்களிடையேயும் பரவியது. துயர்துடைப்புப் பணிக்குப் பிரபுல்ல சந்திர ராய் தலைமை ஏற்றார். இருப்புப்பாதையின் கரைமேடுகள் வெள்ளத்தைத் தேக்கிய நிலையை அறிவியலாளர் மேகநாத் சாகா எடுத்துரைத்தார். அரசின் வேண்டுகோளின்படி, 1870 முதல் 1922 வரையிலான மழை, வெள்ளக் குறிப்புகளை மகலனோபிஸ் ஆராய்ந்தார். நீரைத் தேக்கும் பெருந்தேக்கங்களைக் கட்டுவது பயன் தராது. நீர் விரைந்து வடியும் வழியே தேவை என்பது அவர் முடிவு.

எல்லாக் கேட்டையும் இருப்புப்பாதையின்மேல் சுமத்துதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. கங்கையின் நீரோட்டம் கிழக்கு நோக்கி நகர்ந்ததும், 1787க்குப் பின் பிரம்மபுத்திரா தன் தடத்தை மாற்றியதும் இருப்புப்பாதைக்கு முற்பட்டவை. மேற்கு, நடு வங்காள ஆறுகள் பல இயல்பாகவே நலிந்து வந்தன. ஆயினும் ஒன்றை மறுத்தற்கில்லை. கூடுதலாக ஒரு மதகு கட்டினால் அதன் செலவு இருப்புப்பாதையின் கணக்கில் ஏறும். மதகு இல்லாமையால் அழிந்த பயிரும் காய்ச்சலில் மாண்ட உயிரும் அக்கணக்கில் ஏறா. எனவே, மதகைக் குறைப்பது சிக்கனமாகத் தோன்றியது. அச்சிக்கனத்தின் விலையை உழவர் கொடுத்தனர்.

பிரிவினையும் பின்னும்

1942இல் கிழக்கு வங்க இரயில்வேயும் அஸ்ஸாம் வங்க இரயில்வேயும் இணைந்து வங்க அஸ்ஸாம் இரயில்வே ஆயின. அவ்வொற்றுமை நீடித்தது ஐந்தே ஆண்டுகள். 1947இல் நாட்டெல்லை பாதைகளின் குறுக்கே விழுந்தது. சணல் வயல்கள் பெரும்பாலும் பாகிஸ்தானிலும், சணல் ஆலைகள் இந்தியாவிலும் அமைந்தன. அஸ்ஸாமுக்குச் செல்லும் பாதை துண்டிக்கப்பட்டதால், இந்தியா தன் நிலத்தின் வழியே புதிய இணைப்பை அமைத்து 1950 ஜனவரியில் திறந்தது. கிழக்கின் விளைபொருளை ஏற்கக் கட்டிய சியால்டா நிலையம், கிழக்கிலிருந்து வந்த அகதிகளின் தங்குமிடமாயிற்று.

எல்லை கடந்து ஓடிய பயணி வண்டிகளும் 1965 போரோடு நின்றன. 2008இல் கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் இடையே மைத்ரீ விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. அதுவும் 2024 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, வங்காளத்தின் கிழக்குப் பாதைகள் முன்னரே வரையப்பட்ட ஒரு வலைப்பின்னலாக வளரவில்லை. துறைமுகத்துக்கும் ஆலைக்கும் தோட்டத்துக்குமாகத் தனித்தனியே எழுந்து, பின்னர் ஒட்டவைக்கப்பட்டன. இரண்டாவது, அவற்றின் எல்லையை முதலீட்டோடு ஆறும் சேர்ந்தே வகுத்தது. மூன்றாவது, பாதையின் வரவும் அதனால் நேர்ந்த இழப்பும் வெவ்வேறு மனிதர்களின் கணக்கில் எழுதப்பட்டன.

இருப்புப்பாதை நன்மையா தீமையா என்னும் பழைய வினாவை மாணவர்முன் வைக்கும்போது, பாதைகளின் வரைபடத்தோடு ஆறுகளின் வரைபடத்தையும் அருகில் விரித்துக் காட்டுதல் நலம். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் யார் வாழ்ந்தனர் என்று கேட்கும்போதே, அவ்வினாவுக்கு வங்காளம் தரும் விடை தெளிவாகும்.