பனைமரத்து வில்

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைக் கடந்ததும் வரும் ஊர் நசரத்பேட்டை. செம்பரம்பாக்கம் ஏரி அங்கிருந்து தொலைவில் இல்லை. ஏரியும் கரையும் கரைமேல் பனையும் தொண்டை மண்டலத்து ஊர்களின் பழைய தோற்றம். ஓலை, நுங்கு, பதநீர், கருப்பட்டி, கூரைக்குக் கைமரம் எனப் பனையின் கொடைகளை அடுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அது வில்.

தமிழில் வில்லும் மரமும் பிரியாதவை. சிலை என்னும் சொல் வில்லையும் குறிக்கும். ஒரு மரத்தையும் குறிக்கும். கொல்லிமலைத் தலைவன் ஓரி, வல்வில் என்னும் அடைமொழியாலேயே அறியப்பட்டான். சேரர் வில்லைத் தம் இலச்சினையாக்கிக் காசில் பொறித்தனர். மரவில் மண்ணில் மக்கும். காசில் பொறித்த வில் நிலைத்தது.

பனை வில்லுக்குத் தெளிவான சான்று அர்த்தசாத்திரத்தில் உள்ளது. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்திற்கு அளித்த சுவடியில் இந்நூலைக் கண்டறிந்தவர் ஆர். சாமசாஸ்திரி. 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் வெளியிட்டார். படைக்கலச் சாலையின் தலைவர்க்குரிய கடமைகளைக் கூறும் பகுதியில் வில் நால்வகைப்படுகிறது. பனையால் ஆனது கார்முகம். மூங்கிலால் ஆனது கோதண்டம். பிற மரத்தால் ஆனது துரூணம். கொம்பால் ஆனது தனுசு. பிற்காலக் கவிஞர் இச்சொற்களை வேறுபாடின்றி வில்லின் பெயர்களாகவே வழங்கினர். தச்சன் கண்ட வேற்றுமை கவிதையில் மறைந்தது எனலாம்.

பனை, வில்லுக்கு எளிதில் இசையும் மரமன்று. தேக்கிலும் வேம்பிலும் வைரம் உள்ளே இருக்கும். பனையிலோ வைரம் புறத்தே, சோறு நடுவே. கருநிற நார்க்கற்றைகள் விளிம்பில் நெருங்கியும், உள்ளே செல்லச் செல்ல அருகியும் அமைந்துள்ளன. பிற மரங்களைப் போல் ஆண்டுதோறும் வளையமிட்டுப் பனை பருப்பதில்லை. முதிர முதிர அதன் விளிம்பே இறுகும். ஆகவே முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியைப் பிளந்து, சோற்றை நீக்கி, புறவைரத்தை மட்டுமே கொள்ள வேண்டும்.

வில் வளையும்போது எய்பவனுக்கு அப்பாலுள்ள முதுகு இழுபடும். அவனை நோக்கிய வயிறு நெருக்குண்ணும். முதுகில் ஒரு நார்க்கற்றை குறுக்கே அறுபட்டால் அங்கிருந்து சிலாம்பு எழும், வில் முறியும். எனவே நார் ஓடும் வழியே உளியும் ஓட வேண்டும். உளியின் கூர் மழுங்கும். கையில் சிலாம்பு ஏறும். இத்தனை இடருக்கும் ஈடாகப் பனை தருவது ஒன்று: அதற்குக் கிளையில்லை; ஆதலின் கணுவும் இல்லை. நெடிய, பழுதற்ற நார் வேறு மரங்களில் அரிது. நியூகினித் தீவிலும் அமேசான் காடுகளிலும் வாழும் மக்கள் தத்தம் நாட்டுக் கரும்பனை இனங்களில் வில் செய்தமை நோக்கத்தக்கது. ஆங்கிலேயர் யூ என்னும் மரத்தை நாடினர். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் அத்தகைய விற்கள் 130க்கும் மேற்பட்டவை கிடைத்தன.

துப்பாக்கி வந்தபின் போர்வில் ஓய்ந்தது. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் வேறொரு வில் ஓயவில்லை. வில்லுப்பாட்டின் வில், ஆள் உயரத்தை மிஞ்சியது. வைரம் பாய்ந்த பனையை வளைத்துத் தோல் நாண் பூட்டி, மணிகள் கட்டிக் குடத்தின்மேல் சார்த்துவர். வீசுகோல் நாணில் விழ, மணிகள் ஒலிக்கும். சுடலைமாடனும் முத்துப்பட்டனும் கதையாய் எழுவர். அம்பு விடுவதற்கென வளைந்த மரம், பாட்டுக்கென வளைந்தது. அக்கலையைச் சென்னை மேடைக்குக் கொணர்ந்தவருள் நாகர்கோவிலைச் சேர்ந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். அவர்வழி வந்த சுப்பு ஆறுமுகம், 2022இல் மறையும்வரை வில்லையே தம் வாழ்வாகக் கொண்டிருந்தார்.

இன்று குறைந்து வருவது வில்லுக்குரிய முதிர்ந்த மரம். செங்கற்சூளைக்கும் மனைப்பிரிவுக்கும் பனைகள் வீழ்ந்தன. 2021இல் தமிழக அரசு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என அறிவித்தது. வெட்டியதற்கு ஈடாக விதை ஊன்றலாம். வைரத்தை ஊன்ற இயலாது. முதல் பாளை விடவே ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும். வில்லுக்குரிய வைரம் ஏற அதனினும் பன்மடங்கு காலம் வேண்டும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது பழமொழி. வில்லுக்கெனப் பனை வைப்பவனோ அவ்வில்லைப் பார்க்கவும் மாட்டான். அவன் ஊன்றும் விதை, இன்னும் பிறவாத ஒரு புலவனின் பாட்டுக்கு உரியது.